வேண்டாததையும் காட்டிய பெட்டி

இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. எங்கள் வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. ஆறு பேர் உட்கார்ந்திருந்தோம். ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. அம்மா கைப்பேசியில் முதல்நாள் விட்டுப்போன தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகனுக்குக் காற்பந்து. மனைவிக்கும் அக்காவுக்கும் ஆளுக்கொரு சமையல் காணொளி. நான் செய்தி படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு எதையோ விரலால் தள்ளிக்கொண்டிருந்தேன். அக்காள் மகள்தான் திடீரென்று தலை நிமிர்ந்து கேட்டாள்.

“மாமா, அந்தக் காலத்துல வீட்டுல எல்லாரும் ஒரே நிகழ்ச்சியத்தான் பார்ப்பீங்களாமே? பிடிக்கலன்னா என்ன செய்வீங்க?”

“பிடிக்கலன்னாலும் பார்ப்போம்மா” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆனால் படுக்கப்போன பிறகும் அந்தப் பதில் மனத்தை விட்டுப் போகவில்லை. பிடிக்காததையும் பார்க்க வேண்டியிருந்ததே, அது குறையா நிறையா? இந்தக் கேள்விக்கு விடை தேடினால் அமெரிக்காவுக்குத்தான் போக வேண்டும். ஒரு பெரிய நாட்டின் மாலைப் பொழுதை மூன்றே மூன்று நிறுவனங்கள் சுமார் முப்பது ஆண்டுகள் கையில் வைத்திருந்தது அங்கேதான். என்.பி.சி., சி.பி.எஸ்., ஏ.பி.சி. ஆகிய அந்த மூன்றின் கதையில் நல்லதும் இருக்கிறது, வெட்கப்பட வேண்டியதும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

சுருட்டு, மிட்டாய், வானொலிப் பெட்டி

மூன்றும் வானொலியிலிருந்து பிறந்தவை. வானொலிப் பெட்டி தயாரித்து விற்ற ஆர்.சி.ஏ. நிறுவனம் 1926இல் என்.பி.சி.யைத் தொடங்கியது. பெட்டி விற்க வேண்டுமானால், அதில் கேட்பதற்கு ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா? அடுத்து வந்தது சி.பி.எஸ். தள்ளாடிக்கொண்டிருந்த அந்த நிறுவனத்தை 1928இல் எடுத்து நடத்தத் தொடங்கிய வில்லியம் பேலிக்கு அப்போது வயது 26. குடும்பத் தொழில் சுருட்டு. வானொலியில் விளம்பரம் செய்ததும் சுருட்டு விற்பனை ஏறியதைப் பார்த்துத்தான் அவர் இந்தத் துறைக்கே வந்தார்.

என்.பி.சி. ஒரே நேரத்தில் இரண்டு வானொலி அமைப்புகளை நடத்தியது. ஒன்றை விற்றாக வேண்டும் என்று அரசாங்கம் நெருக்கியது. 1943இல் அதை 8 மில்லியன் டாலருக்கு வாங்கியவர் எட்வர்ட் நோபிள். ‘லைஃப் சேவர்ஸ்’ என்ற வளைய மிட்டாயால் பணம் சேர்த்தவர். அவர் வாங்கியதுதான் பிறகு ஏ.பி.சி. ஆனது. டுமாண்ட் என்று நான்காவதாக ஒன்றும் இருந்தது. தாக்குப்பிடிக்க முடியாமல் 1956இல் மூடிவிட்டார்கள்.

அமெரிக்கர்கள் இவற்றை ‘நெட்வொர்க்’ என்கிறார்கள். வலைப்பின்னல் என்று பொருள். நியூயார்க்கிலிருந்த தலைமையகத்துக்குச் சொந்தமாகச் சில நிலையங்கள்தாம் இருந்தன. அதற்கு மேல் வைத்திருக்கச் சட்டம் இடம் தரவில்லை. ஊருக்கு ஊர் வேறு முதலாளிகள் நடத்திய நிலையங்கள், ஒப்பந்தம் செய்துகொண்டு நியூயார்க் அனுப்பும் நிகழ்ச்சிகளைத் தங்கள் ஊரில் காட்டின. 1951 செப்டம்பரில் கிழக்குக் கரையும் மேற்குக் கரையும் இணைக்கப்பட்டன. நாடு முழுவதும் ஒரே படத்தை ஒரே நேரத்தில் பார்க்க வழி பிறந்தது. 1950இல் பத்து வீடுகளில் ஒன்றில்தான் தொலைக்காட்சி இருந்தது. 1960க்குள் பத்தில் ஒன்பது வீடுகளுக்கு வந்துவிட்டது.

நேயர்கள் ஒரு காசும் கொடுக்கவில்லை. அப்படியானால் பணம் கொடுத்தது யார்? சவர்க்காரம், சிகரெட், கார், பற்பசை விற்றவர்கள். குடும்பத் தொடர்களை இன்றும் ஆங்கிலத்தில் ‘சோப் ஆபரா’ என்கிறார்களே, அந்தப் பெயர் சவர்க்கார நிறுவனங்கள் தந்த பணத்தில் வந்தது. நிகழ்ச்சியை மக்களுக்கு இலவசமாகக் கொடுத்து, மக்களின் நேரத்தை விளம்பரதாரருக்கு விற்ற வணிகம் அது.

ஒரு சொல் காணாமல் போன இரவு

பணம் கொடுப்பவர் சும்மா இருப்பாரா? என்.பி.சி.யின் மாலைச் செய்திக்கு ஒரு காலத்தில் ‘கேமல்’ சிகரெட் பெயரே வைக்கப்பட்டிருந்தது. ‘புகைக்கக் கூடாது’ என்ற அறிவிப்புப் பலகை செய்திப் படத்தில் தெரியக்கூடாது என்பது அங்கே விதி. ‘ஐ லவ் லூசி’ தொடரின் நாயகி நிஜமாகவே கருவுற்றிருந்தார். தொடரிலும் அதையே கதையாக்கினார்கள். ஆனால் ‘கர்ப்பம்’ என்ற சொல்லைத் திரையில் சொல்ல அனுமதியில்லை. அந்தக் குழந்தை பிறந்த பகுதியை 1953 ஜனவரி 19 அன்று சுமார் 44 மில்லியன் பேர் பார்த்தார்கள். மறுநாள் அதிபர் ஐசன்ஹோவர் பதவியேற்றதைப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு.

இவை சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. அடுத்தது அப்படியல்ல.

1959 ஏப்ரலில் சி.பி.எஸ். ஒரு நாடகத்தை ஒளிபரப்பியது. பெயர் ‘ஜட்ஜ்மெண்ட் அட் நூரம்பெர்க்’. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, ஹிட்லரின் ஆட்சிக்குத் துணைபோன நீதிபதிகள் மீது நடந்த வழக்கு பற்றியது. யூத மக்களை நச்சு வாயு அறைகளில் அடைத்துக் கொன்ற கொடுமை அதில் பேசப்படாமல் இருக்க முடியாது. ஆனால் அந்த நிகழ்ச்சிக்குப் பணம் தந்தவர்களில் அமெரிக்க எரிவாயு நிறுவனங்களின் சங்கமும் ஒன்று. ‘கேஸ்’ என்ற சொல் அவர்களுக்கு உறுத்தியது. அடுப்பு எரிக்கும் கேஸையும் ஆளைக் கொன்ற கேஸையும் மக்கள் முடிச்சுப் போட்டுவிடுவார்களாம்! அன்றிரவு அந்தச் சொல் வந்த இடங்களில் ஒலியை அணைத்துவிட்டார்கள். நடிகரின் உதடு அசைந்தது. சொல் மட்டும் வரவில்லை.

மில்லியன் கணக்கான மனிதர்கள் எப்படிக் கொல்லப்பட்டார்கள் என்பதைச் சொல்லும் ஒரு சொல், அடுப்பு வியாபாரத்துக்காக விழுங்கப்பட்டது. இந்த நாடகத்தின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் வரும்.

அதே ஆண்டு இன்னொரு குட்டும் வெளிப்பட்டது. ‘ட்வென்டி ஒன்’ என்ற வினாவிடைப் போட்டியில் பல வாரங்கள் வென்று நாடே கொண்டாடிய சார்ல்ஸ் வான் டோரன் என்ற விரிவுரையாளர், விடைகள் தமக்கு முன்கூட்டியே தரப்பட்டன என்று நாடாளுமன்றக் குழுமுன் ஒப்புக்கொண்டார். நிகழ்ச்சி சூடாக இருந்தால்தான் மருந்து விற்கும் என்று விளம்பரதாரர் நெருக்கியதே அந்த மோசடிக்கு வேர். மானம் போனபின் நிறுவனங்கள் விழித்துக்கொண்டன. நிகழ்ச்சிகளைத் தாங்களே தீர்மானித்து, இடையில் வரும் சில நிமிடங்களை மட்டும் விளம்பரத்துக்கு விற்கும் முறை வலுப்பெற்றது. செய்திப் பிரிவுகளுக்கும் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைத்தது. 1963 செப்டம்பரில் சி.பி.எஸ். தன் மாலைச் செய்தியை 15 நிமிடத்திலிருந்து 30 நிமிடமாக்கியது. என்.பி.சி.யும் உடனே பின்தொடர்ந்தது. அரை மணி நேரத்தை நிரப்பக் காட்சிகள் வேண்டும். படக்கருவிகள் ஊர் ஊராகப் புறப்பட்டன.

படத்தின் நடுவே வந்த பாலம்

அப்படிப் போன படக்கருவிகள் சில, 1965இல் அலபாமா மாநிலத்தின் செல்மா என்ற சிற்றூரில் இருந்தன. அந்த வட்டாரத்தின் மக்கள்தொகையில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். ஆனால் வாக்களிக்கும் வயதிலிருந்த கறுப்பினத்தவரில் நூற்றுக்கு இரண்டு பேரளவில்தான் வாக்காளராகப் பதிய முடிந்திருந்தது. பதியப் போனால் தேர்வு, கேள்வி, மிரட்டல், வேலை நீக்கம். பிப்ரவரியில் ஜிம்மி லீ ஜாக்சன் என்ற இளைஞர் மாநிலக் காவலர் ஒருவரால் சுடப்பட்டு இறந்தார். அதன் பிறகுதான் தலைநகர் மண்ட்காமரிக்கு நடந்தே போய் நீதி கேட்பது என்று முடிவெடுத்தார்கள். ஏறக்குறைய 87 கிலோமீட்டர்.

மார்ச் 7, ஞாயிற்றுக்கிழமை. சுமார் 600 பேர் இரண்டிரண்டு பேராக, ஒரு வார்த்தை பேசாமல், எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில் ஏறினார்கள். முன்வரிசையில் 25 வயது ஜான் லூயிஸ். பாலத்தின் மறுபக்கம் மாநிலக் காவலர்கள் அணிவகுத்து நின்றார்கள். கலைந்து போகச் சொன்னார்கள். கூட்டம் அசையாமல் நின்றது. பிறகு தடியடி, கண்ணீர்ப் புகை, குதிரைகள். லூயிஸின் மண்டை ஓடு பிளந்தது. அமீலியா பாய்ண்டன் என்ற நடுவயதுப் பெண்மணி நினைவிழந்து சாலையில் கிடந்தார். எல்லாவற்றையும் படக்கருவிகள் பார்த்துக்கொண்டிருந்தன.

அன்றைக்குச் செயற்கைக்கோள் நேரலை எல்லாம் எளிதில் கிடையாது. படச்சுருளை விமானத்தில் ஏற்றி நியூயார்க்குக்குக் கொண்டுபோனார்கள். ஏ.பி.சி.யில் அப்போது ஞாயிறு இரவுத் திரைப்படம் ஓடிக்கொண்டிருந்தது. எந்தப் படம் தெரியுமா? அதே ‘ஜட்ஜ்மெண்ட் அட் நூரம்பெர்க்’. தொலைக்காட்சி நாடகமாக வந்தது, 1961இல் திரைப்படமாக எடுக்கப்பட்டிருந்தது. சுமார் 48 மில்லியன் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொடுமை நடந்தபோது ஜெர்மானியர்கள் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள் என்று கேட்கும் படம்.

படம் சட்டென்று நின்றது. செல்மா பாலம் வந்தது. ஏறக்குறைய 15 நிமிடங்கள். அலறலும் புகையும் குதிரைக் குளம்புச் சத்தமும் நாடு முழுக்க வீட்டுக் கூடங்களில் நிறைந்தன. இதுவும் படத்தில் வரும் காட்சிதான் என்று முதலில் சிலர் நினைத்தார்களாம். இல்லை, இது நம் நாடு, இன்று மதியம் நடந்தது என்று தெரிந்தபோது எப்படி இருந்திருக்கும்!

அடுத்த சில நாட்களில் பாதிரியார்களும் மாணவர்களும் வேலைக்குப் போகும் சாதாரண மக்களும் பல மாநிலங்களிலிருந்து செல்மாவுக்குக் கிளம்பி வந்தார்கள். மார்ச் 15 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் நாடாளுமன்றத்தில் வாக்குரிமைச் சட்டம் கேட்டு உரையாற்றினார். ஆகஸ்ட் 6இல் அது சட்டமானது. பல ஆண்டுகள் ரத்தம் சிந்திப் போராடியவர்கள் அம்மக்கள்தாம். சட்டம் அவர்களுடைய வெற்றி. ஆனால் அந்த ஞாயிறு இரவு இல்லாமல் அது ஐந்தே மாதத்தில் வந்திருக்குமா என்பது சந்தேகமே.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த 48 மில்லியன் பேரில் ஒருவர்கூடச் செல்மாவைப் பார்க்க உட்காரவில்லை. படம் பார்க்க உட்கார்ந்தார்கள். ‘கறுப்பினத்தவர் அடிபடும் காட்சி இருக்கிறது, பார்க்கிறீர்களா?’ என்று முன்கூட்டியே கேட்டிருந்தால் எத்தனை பேர் சரி என்றிருப்பார்கள்? யாரும் கேட்கவில்லை. அதனால்தான் எல்லாரும் பார்த்தார்கள்.

‘மன்னிக்கவும், கேபிள் கோளாறு’

அதற்காக அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரில் டபிள்யூ.எல்.பி.டி. என்ற நிலையம் இருந்தது. அவ்வட்டாரத்தில் ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் கறுப்பினத்தவர். கறுப்பினத் தலைவர்கள் நியூயார்க்கிலிருந்து வரும் நிகழ்ச்சியில் தோன்றினால், அந்த நிலையம் படத்தை வெட்டிவிட்டு ‘மன்னிக்கவும், கேபிள் கோளாறு’ என்று அட்டை வைத்துவிடும்.

ஒரு தேவாலய அமைப்பும் உள்ளூர் மக்களும் 1964இல் அந்த உரிமத்தை எதிர்த்தார்கள். நேயர்களுக்கு இதில் வழக்காட உரிமை இல்லை என்றது ஒளிபரப்பு ஆணையம். உண்டு என்று 1966இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1969இல் அந்த நிலையம் உரிமத்தைப் பறிகொடுத்தது. பெட்டியை முடுக்குவதோடு நேயரின் வேலை முடிவதில்லை, காட்டப்படுவது பற்றிக் கேள்வி கேட்கவும் அவருக்கு உரிமை உண்டு என்பது அப்படித்தான் நிலைநாட்டப்பட்டது.

நியூயார்க் மட்டும் ஒழுங்கா? பாடகர் நாட் கிங் கோல் 1956இல் என்.பி.சி.யில் சொந்த நிகழ்ச்சி தொடங்கினார். மக்கள் பார்த்தார்கள். பெரும் புகழ் பெற்ற வெள்ளைக்காரக் கலைஞர்களும் வந்து பாடினார்கள். ஆனால் கறுப்பினத்தவர் நடத்தும் நிகழ்ச்சிக்குத் தங்கள் பெயரைக் கொடுக்க நாடளாவிய விளம்பரதாரர் ஒருவரும் முன்வரவில்லை. சுமார் ஓராண்டில் அது நின்றது. 1977இல் ஏ.பி.சி. ‘ரூட்ஸ்’ தொடரை எட்டு இரவுகள் தொடர்ந்து ஒளிபரப்பி, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஒரு குடும்பத்தின் கதையைச் சொன்னபோது நாடே அதைப் பார்த்தது. இருபது ஆண்டு இடைவெளியில் மக்களும் மாறியிருந்தார்கள், மூன்று நிறுவனங்களும் கொஞ்சம் துணிந்திருந்தன.

அந்தக் கூடத்தில் நாடு முழுவதும் உட்கார்ந்திருந்தது உண்மை. என்ன காட்டுவது என்று முடிவெடுத்தவர்கள் நியூயார்க்கில் இருந்த சில வெள்ளைக்கார ஆண்கள் என்பதும் உண்மை.

கூடம் பிரிந்தது

எழுபதுகளில் இரவு நேரம் தொலைக்காட்சி பார்த்த அமெரிக்கர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இந்த மூன்றில் ஒன்றைத்தான் பார்த்தார்கள். பிறகு கம்பிவழித் தொலைக்காட்சி பரவியது. 1980 ஜூன் 1இல் சி.என்.என். 24 மணி நேரச் செய்தியைத் தொடங்கியது. 1986இல் ஃபாக்ஸ் நான்காவது நெட்வொர்க்காக வந்தது. 1983 பிப்ரவரியில் ‘மேஷ்’ தொடரின் கடைசிப் பகுதியைச் சுமார் 106 மில்லியன் பேர் ஒன்றாகப் பார்த்தார்கள். ஒரு தொடருக்கு அப்படியொரு கூட்டம் அங்கே அதன்பின் கூடவே இல்லை.

சர்ச்சைக்குரிய விஷயத்தில் இரு தரப்பையும் காட்ட வேண்டும் என்று ஒளிபரப்பாளர்களுக்கு இருந்த விதி 1987இல் கைவிடப்பட்டது. கம்பிவழி அலைவரிசைகளை அந்த விதி பொதுவாகக் கட்டுப்படுத்தியதும் இல்லை. 1996இல் ஃபாக்ஸ் நியூஸும் எம்.எஸ்.என்.பி.சி.யும் வந்தன. அவரவருக்கு ஏற்ற செய்தி, அவரவருக்கு ஏற்ற கோபம்.

அதன் விலை என்ன என்பது 2023இல் தெரிந்தது. 2020 அதிபர் தேர்தலில் வாக்கு இயந்திரங்கள் மோசடி செய்தன என்ற பொய்யை ஒளிபரப்பியதற்காக டொமினியன் என்ற இயந்திர நிறுவனம் ஃபாக்ஸ் நியூஸ் மீது வழக்குப் போட்டது. 787.5 மில்லியன் டாலர் கொடுத்து ஃபாக்ஸ் அதை முடித்துக்கொண்டது. பணத்தைவிட முக்கியம், வழக்கில் வெளிவந்த உள் செய்திகள். தொகுப்பாளர்களில் சிலரே அந்தக் குற்றச்சாட்டுகளை நம்பவில்லை. உண்மையைச் சொன்னால் நேயர்கள் போட்டி அலைவரிசைக்குப் போய்விடுவார்களே என்ற கவலை அந்தச் செய்திகளில் இருந்தது.

1959இல் எரிவாயு விற்றவருக்குப் பயந்து ஒரு சொல்லை அணைத்தார்கள். 2020இல் பார்ப்பவருக்குப் பயந்து ஒரு பொய்யை ஓடவிட்டார்கள். முதல் தவற்றுக்கு விளம்பரதாரரைக் குறை சொல்லலாம். இரண்டாவதில் நேயருக்கும் பங்குண்டு. தனக்குப் பிடித்ததை மட்டுமே கேட்பேன் என்று அடம்பிடித்தவர் அவர்தானே.

நம் வீட்டுக் கூடத்தில்

இது அமெரிக்கா பாடு என்று விட்டுவிடலாமா? நம் கையிலிருக்கும் கைப்பேசி அந்தக் கம்பிவழி அலைவரிசைகளைவிடப் பல மடங்கு கெட்டிக்காரத்தனமானது. நாம் எதில் ஒரு நொடி கூடுதலாக நிற்கிறோம் என்று பார்த்து, அதையே அள்ளித் தருகிறது. நாம் கேட்காதது வருவதே இல்லை. அம்மாவின் புலனக் குழுவில் வரும் உலகம் ஒன்று, மகனின் கைப்பேசியில் ஓடும் உலகம் வேறு. சாப்பாட்டு மேசையில் ஒரு விஷயத்தைப் பேச ஆரம்பித்தால் நடந்தது என்ன என்பதிலேயே சண்டை.

அக்காள் மகள் கேட்ட அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சின்ன ஏற்பாடு. ஞாயிறு இரவு அரை மணி நேரம் எல்லாருடைய கைப்பேசியும் சாமி மேசைக்குப் பக்கத்தில். கூடத்துத் தொலைக்காட்சியில் செய்தி. ஒருவரும் எழுந்து போகக்கூடாது, அலைவரிசையை மாற்றக்கூடாது. முதல் வாரம் மகன் விட்ட பெருமூச்சில் மின்விசிறியே தேவைப்படவில்லை.

மூன்றாவது வாரம் ஒரு பூர்வகுடிக் கிராமத்தில் சுத்தமான குடிநீர் இல்லாதது பற்றி இரண்டு நிமிடச் செய்தி வந்தது. எங்களில் யாரும் அதைத் தேடிப் போயிருக்க மாட்டோம். செய்தி அடுத்ததற்குத் தாவிவிட்டது. மகன் மட்டும் தாவவில்லை. “அவங்க வீட்டுக்கு ஏன்பா இன்னும் தண்ணி வரல?” என்று கேட்டான்.

எனக்கு விடை தெரியவில்லை. அம்மா, தோட்டத்தில் இருந்த நாட்களில் குழாயடியில் வரிசையில் நின்றதைச் சொல்லத் தொடங்கினார். செய்தி முடிந்தும் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். கைப்பேசிகளை எடுக்க ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

அக்காள் மகளிடம் அடுத்த முறை பார்க்கும்போது சொல்ல வேண்டும்: பிடிக்காததையும் பார்த்தோம்மா, அதில் சிலது பார்க்க வேண்டியதாகவே இருந்தது.